எலியைத் தொடாத பாம்பும், தின்றதைக் கக்கும் பாம்பும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பாம்பு வளர்க்கும் இளையோர் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் பெரும்பாலானவை இரையைப் பற்றியவை. “எலிய வச்சேன் அண்ணே, திரும்பிக்கூடப் பார்க்கல” என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் சூடு போதாத எலி இருக்கலாம். குளிர்ந்துபோன பெட்டி இருக்கலாம். சட்டை உரிக்கக் காத்திருக்கும் பாம்பும் இருக்கலாம். அறிகுறி ஒன்று, காரணம் பல என்பதால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வரிசையை இங்கே எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை முக்கியமாக இரண்டு பாம்புகளுக்குப் பொருந்தும். ஒன்று, கடைகளில் ‘பால் பைத்தன்’ என்று விற்கப்படும் பந்து மலைப்பாம்பு. அதன் பூர்வீகம் மேற்கு, நடு ஆப்பிரிக்கா. மற்றொன்று, அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த ‘கார்ன் ஸ்னேக்’ எனப்படும் சோளப்பாம்பு. பந்து மலைப்பாம்பு, வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். ஆகவே வாங்கும்போதே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தோட்டத்தில் பிடிபடும் நம் நாட்டு மலைப்பாம்பு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அதை உரிமமின்றி வீட்டில் அடைத்து வைத்து எலி போடுவது குற்றமாகும்.

தொடங்குமுன் மூன்று பொருள்கள் கையில் இருக்க வேண்டும்: கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு, பெட்டியின் சூடான மூலையிலும் குளிர்ந்த மூலையிலும் வைக்க இரண்டு வெப்பமானிகள், ஒரு குறிப்பேடு. பாம்பின் எடை, எலியின் எடை, நாள், தின்றதா இல்லையா, மலம் கழித்ததா, சட்டை உரித்ததா என்ற ஆறும் எழுதப்பட்டிருந்தால், பாதிப் பிழை அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எலியின் அளவு, பெட்டியின் இடம், விரிப்பு என மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டால், பாம்பு தின்றாலும் எதனால் தின்றது என்று தெரியாது. அடுத்த முறை மறுத்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

எந்த அறிகுறிக்கும் முன்: எலி எங்கிருந்து வந்தது?

செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். பழக்குலையைக் கொறித்துத் தின்று வளரும் எலி நன்கு கொழுத்து, பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே தெரியும். “பொறி வச்சா தினம் நாலு விழுது தம்பி, இதுக்குப் போயி காசு குடுத்து வாங்குறியே” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வாஞ்சையோடு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவார். அதை மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். தோட்டங்களில் செம்பனை மரத்தடியில் வைக்கப்படும் மெழுகுக் கட்டி மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. பல நாள் வழக்கம்போல் ஓடித் திரியும். ஆகவே பொறியில் துள்ளிக்கொண்டிருக்கும் எலி மருந்து தின்னாத எலி என்று எவராலும் சொல்ல முடியாது. புரோடிஃபாகூம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் எலியின் ஈரலில் நெடுங்காலம் தங்கும். பாம்போ எலியை ஈரலோடு முழுதாக விழுங்கும். எலியைக் கட்டுப்படுத்தக் கூடுப்பெட்டி வைத்துப் பெருக்கப்பட்ட கூகை ஆந்தைகள், இத்தகைய மருந்து வந்த பிறகு 1980களில் தீபகற்பத் தோட்டங்களில் மடிந்ததும் குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. மருந்து வைக்காத வீட்டு எலியாக இருந்தாலும் குடற்புழுவும் உண்ணியும் கூடவே வரும். அதைக் கையாளும் உங்களுக்கு எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் வரலாம். இரைக்கென்றே வளர்க்கப்பட்டு, முறையாகக் கொல்லப்பட்டு, உறைய வைத்து விற்கப்படும் எலியை வாங்குவதே பாம்புக்கும் வீட்டாருக்கும் நல்லது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அறிகுறி: எலியை நாக்கால் தொட்டு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது

பாம்பு நெருங்கி வருகிறது, நாக்கை வேகமாக நீட்டி எடுக்கிறது, எலியின் உடல் நெடுகப் போகிறது, பிறகு அக்கறை இல்லாமல் விலகுகிறது. இப்படி நடந்தால் பாம்புக்குப் பசி இருக்கிறது; ஆனால் முன்னால் கிடப்பது இரை என்ற உறுதி அதற்கு வரவில்லை. முதலில் எலியின் சூட்டைப் பாருங்கள்.

பந்து மலைப்பாம்பின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. உயிருள்ள எலியின் உடம்புச் சூடு அக்குழிகளுக்குப் பட்டால்தான் பல பாம்புகள் பாயும். சோளப்பாம்புக்கு அத்தகைய குழிகள் இல்லை. அது பெரிதும் வாசனையை நம்புகிறது. ஆகவே ஒரே எலியை இரண்டும் மறுத்தால், மலைப்பாம்பின் விஷயத்தில் சூட்டையும், சோளப்பாம்பின் விஷயத்தில் மணத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உறைந்த எலியை உருக்கித் தயார் செய்வதில்தான் அதிகம் பிழை நேர்கிறது. முந்தின இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை அதைக் காற்றுப் புகாத பையில் இட்டு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பதினைந்து முதல் முப்பது நிமிடம் மூழ்க வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். பிறகு பையோடு எலியின் வயிற்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். வெளியே தோல் நெகிழ்ந்திருக்கும். உள்ளே, விலா எலும்புக்குக் கீழே, கோலிக்குண்டு போல ஒன்று கடினமாகத் தட்டுப்பட்டால் எலி இன்னும் உருகவில்லை. அப்படியே கொடுத்தால் பாம்பு விழுங்கிய பின் கக்கிவிடக் கூடும். வயிறு முழுவதும் ஒரே மென்மையாக இருந்தால், கொடுப்பதற்குச் சற்று முன் தலைப்பகுதியை மட்டும் மேலும் சூடாக்கி, மேற்பரப்பு ஏறக்குறைய 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது நீட்டுங்கள். பாம்பு சூடான முனையைத்தான் தாக்கும். தலை சூடாக இருந்தால் தலையைக் கவ்வும், விழுங்குவது எளிதாகும். பையை விட்டு எடுத்ததும் காகிதத் துண்டால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஒரு பகுதி வெந்து மறுபகுதி பனியாக இருக்கும், வயிறும் வெடிக்கும். கொதிநீரை ஊற்றாதீர்கள். சமையலறை மேசையில் காலையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். குளிர்நாட்டார் எழுதிய அறிவுரைகளில் அப்படிச் செய்யலாம் என்று இருக்கும். நம் ஊரின் 32 டிகிரி வெக்கையில் மாலைக்குள் அந்த எலி வீங்கிவிடும். உருகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டு ஃப்ரீசர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், வயிறு பச்சையாகவோ மென்மையாகவோ மாறிய எலிகளைக் கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். நன்றாக இருக்கும் ஃப்ரீசரிலும் ஆறு மாதத்துக்கு மேல் வைத்த எலி காய்ந்து மணம் இழந்துவிடுவதால், சிறிது சிறிதாக வாங்குவதே என் வழக்கம்.

சூடும் சரி, மணமும் சரி, இன்னும் முகர்ந்துவிட்டு விலகுகிறது என்றால் கொடுக்கும் முறையைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு முழ நீள இடுக்கியால் எலியின் முதுகுத் தோலைப் பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேராகக் குத்துவதுபோல் கொண்டுபோகாமல், அது பார்க்கும் திசையில் குறுக்காக, எலி நடந்து போவதுபோல் மெதுவாக அசையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், வீட்டில் தொலைக்காட்சிச் சத்தமும் பிள்ளைகளின் ஓட்டமும் அடங்கிய பிறகு கொடுத்தால், பகலில் மறுத்த அதே பாம்பு தின்பதைக் காணலாம்.

அறிகுறி: எலியைக் கண்டதும் தலையை உள்ளிழுத்துச் சுருண்டுகொள்கிறது

இது பசியின்மை அன்று; அச்சம். எலி பெரிதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலியின் பருமன், பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் பருமனுக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். எடைக் கணக்கில், குட்டிப் பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு. முழுதாய் வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு 5 விழுக்காட்டை ஒட்டி இருந்தாலே போதும்.

கடையில் சொல்லும் பெயர்களை எடையாக மாற்றிப் புரிந்துகொள்ளுங்கள். மயிர் முளைக்காத ‘பிங்கி’ சுண்டெலி ஏறக்குறைய 1 முதல் 3 கிராம். மென்மயிர் அரும்பிய ‘ஃபஸ்ஸி’ 3 முதல் 5 கிராம். கண் திறந்து துள்ளும் ‘ஹாப்பர்’ 7 முதல் 12 கிராம். வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம். பெருச்சாளி வகையல்லாத வெள்ளை ‘ராட்’ எலியின் பிங்கியே 5 கிராமுக்கு மேல் இருக்கும். கடைக்குக் கடை இந்தப் பெயர்கள் மாறும், தராசு மாறாது. அப்போது பொரித்த சோளப்பாம்புக் குட்டி 6 முதல் 10 கிராம்தான் இருக்கும் என்பதால் அதற்கு ஒரு சிறிய சுண்டெலிப் பிங்கி போதும். 60 கிராம் உள்ள பந்து மலைப்பாம்புக் குட்டி ஒரு ஹாப்பரை எளிதாக விழுங்கும். குட்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறையும், நடுத்தர வயதுப் பாம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு முறையும், வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

அளவு சரியாக இருந்தும் பாம்பு ஒடுங்கினால், பெட்டியில் ஒளிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உடல் சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான, ஒரே வாசல் உள்ள பதுங்கிடம் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும் வேண்டும். நான்கு புறமும் கண்ணாடியான தொட்டியை வரவேற்பறையில் வைத்தால் பாம்புக்கு எப்போதும் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும். மூன்று பக்கமும் கறுப்பு அட்டையை ஒட்டிவிடுங்கள். புதிதாக வாங்கிவந்த பாம்பை ஒரு வாரம் தொடாமல், காட்டாமல், இரை வைக்காமல் விட்டுவிடுவது நல்லது. வந்த அன்றே உறவினரை எல்லாம் அழைத்துக் காட்டிவிட்டு, இரவே எலியை வைத்து, அது தின்னவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

இரை கொடுப்பதற்கென்று பாம்பை வேறு டப்பாவுக்கு மாற்றும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். பெட்டிக்குள்ளேயே கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் மாற்றும்போதும், தின்ற வயிற்றோடு திரும்பத் தூக்கும்போதும்தான் பாம்பு மிரள்கிறது, கக்கவும் செய்கிறது.

அறிகுறி: உயிருள்ள எலியை மட்டுமே தின்கிறது

முந்தைய உரிமையாளர் அப்படிப் பழக்கியிருப்பார். சில பாம்புகள் அதிலேயே நிற்கும். ஆயினும் மாற்ற முயல்வது அவசியம். ஏனெனில் மூலையில் அகப்பட்ட எலி சும்மா இருக்காது. பசியில்லாத பாம்போடு இரவு முழுவதும் விடப்பட்ட எலி, பாம்பின் முதுகைக் கொறித்து முள்ளெலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாக்கியதும், கண்ணைக் குதறியதும் உண்டு. எலியின் துன்பமும் கணக்கில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாற்றும் வழி படிப்படியானது. வழக்கமான நாளைவிட ஒரு வாரம் கூடுதலாகப் பசிக்க விடுங்கள். பிறகு, புதிதாகக் கொல்லப்பட்டு உடம்புச் சூடு ஆறாத எலியை இடுக்கியால் அசைத்துக் கொடுங்கள். அதைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்ட பின், உறைந்து உருகிய எலியை மேலே சொன்ன சூட்டில் கொடுங்கள். பாயவில்லை என்றால், அவ்வெலியை உயிர் எலி கிடந்த மரத்தூளில் புரட்டி எடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் எலியைப் பதுங்கிடத்தின் வாசலில் ஒரு தட்டையான மூடியின் மேல் வைத்துவிட்டு அறையை இருட்டாக்கி வெளியேறுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காலைவரை விட்டு வைக்கலாம் என்று வெளிநாட்டு நூல்களில் இருக்கும். நம் வீடுகளில் நள்ளிரவுக்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். எலியை மொய்த்த எறும்பு பாம்பையும் கடிக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பெட்டி வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நம் பாட்டிமார் சோற்றலமாரிக்குச் செய்த ஏற்பாடுதான்; பாம்புப் பெட்டிக்கும் அது நன்றாகப் பயன்படுகிறது.

அறிகுறி: சுண்டெலி தின்னும், ராட் எலியைத் தொடாது

வளர்ந்த பந்து மலைப்பாம்புக்குச் சுண்டெலி ஒன்று போதாது. பல கொடுத்தால் செலவு கூடும். எனவே ராட் எலிக்கு மாற்ற விரும்புவது இயல்பு. பாம்பின் வழக்கமான சுண்டெலியைவிடப் பெரிதாக இல்லாத ராட் குட்டியை எடுத்து, சுண்டெலியோடு ஒரே பையில் உருக வைத்து மணம் ஏற்றுங்கள். சுண்டெலியை விழுங்கி முடிக்கும் தறுவாயில், அதன் வாலோடு வாலாக ராட் குட்டியின் தலையை வாயருகே வைத்தால் பல பாம்புகள் தொடர்ந்து விழுங்கிவிடும். சோளப்பாம்புக்கு இந்த மாற்றமே தேவையில்லை. வாழ்நாள் முழுவதும் சுண்டெலியிலேயே நலமாக இருக்கும்.

அறிகுறி: பல வாரமாக எதையும் தொடவில்லை

கண்ணைப் பாருங்கள். நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. உரித்து முடியும்வரை இரையை நீட்டவே வேண்டாம். கண் தெளிவாக இருந்தால் வெப்பமானியைப் பாருங்கள். பந்து மலைப்பாம்புக்குச் சூடான இடம் 31 முதல் 33 டிகிரியும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். சோளப்பாம்புக்கு இரண்டும் சில டிகிரி குறைவாக இருந்தால் சரி. “மலேசியா சூடான நாடுதானே, ஹீட் மேட் எதற்கு” என்று, பெட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பைப் பற்றிக் கேட்பவர்களின் வீட்டில், இரவு முழுவதும் ஏர்கோன் ஓடும் படுக்கையறையில் பெட்டி இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அறை 20 டிகிரிக்கு இறங்கினால் பாம்பின் செரிமானம் நின்றுவிடும். செரிக்க முடியாது என்று தெரிந்த பாம்பு தின்னாது. இதற்கு நேர்மாறான பிழை தகரக் கூரை போட்ட பழைய லயத்து வீடுகளில் நேரும். பிற்பகலில் அறை முழுவதும் 36 டிகிரியைத் தாண்டினால் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு கிடக்கும், இரையைத் திரும்பிப் பார்க்காது. பெட்டியைத் தரைமட்டத்துக்கு, சுவரோரம், காற்றோட்டமான இடத்துக்கு இறக்குங்கள். எந்தச் சூட்டு விரிப்பையும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்கக் கூடாது.

தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடப்பதற்கு இன்னொரு காரணம் உண்ணி. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால், இரையை மறந்துவிட்டு உண்ணியை ஒழிக்கும் வேலையைப் பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூச்சில் கொரகொரப்பு, மூக்கோரம் குமிழி ஆகியவை நுரையீரல் நோயைக் காட்டும். அப்போது இரை கொடுப்பது கேடு.

எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பது வளர்ந்த பந்து மலைப்பாம்பானால், பொறுத்திருங்கள். இனப்பெருக்கப் பருவத்தில், குறிப்பாக ஆண் பாம்பு, மாதக்கணக்கில் நோன்பிருப்பது அதன் இயல்பு. வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்; எடை அசையாமல் நின்றால் அச்சம் வேண்டாம். பத்து விழுக்காடு குறைந்தாலோ, முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்தினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்கு இத்தகைய பொறுமை ஆபத்து. நான்கைந்து வாரம் ஒன்றும் தின்னாத குட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்து எலியைத் திணிப்பதை வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள். உணவுக்குழாய் கிழியும், அதன் பிறகு பாம்பு இடுக்கியைக் கண்டாலே ஒடுங்கும்.

அறிகுறி: கவ்வுகிறது, சுற்றி இறுக்குகிறது, பிறகு விட்டுவிட்டுப் போகிறது

பெரும்பாலும் நீங்கள்தான் காரணம். கவ்வியதும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குனிந்தால், விளக்கைப் போட்டால், மூடியைச் சாத்தினால் பாம்பு இரையை விட்டுவிடும். கவ்விய கணத்தில் எலியை லேசாக இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு, அசையாமல் நில்லுங்கள்; உயிர் இருப்பதாக எண்ணிப் பாம்பு இறுக்கும். இறுக்கிய பின் எலியின் தலையைத் தேட அது பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உதவி செய்யப் போகாதீர்கள்.

வாயில் மரத்தூள் ஒட்டிக்கொண்டு துப்புகிறது என்றால், தட்டையான ஓடு அல்லது நாளிதழின் மேல் கொடுங்கள். சிறு துகள் உள்ளே போவதால் கேடில்லை. பாம்பே தலையைத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும்.

அறிகுறி: தின்றதைக் கக்கிவிட்டது

எல்லா அறிகுறிகளிலும் இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். கக்கும்போது பாம்பு இரையை மட்டும் இழப்பதில்லை. வயிற்று அமிலமும் நீரும் போகின்றன, உணவுக்குழாய் புண்ணாகிறது. பாவம் பசிக்குமே என்று இரண்டாம் நாளே இன்னொரு எலியைக் கொடுப்பவர்களே மீண்டும் மீண்டும் கக்கும் நிலைக்குப் பாம்பைத் தள்ளுகிறார்கள்.

கக்கியதை முதலில் பாருங்கள். உருவம் கெடாமல், மயிர் நனைந்த எலியாகவே ஓரிரு நாளில் வெளிவந்தால், பெரிய இரை, உருகாத நடுப்பகுதி, தின்ற உடனே பாம்பைத் தூக்கியது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். இரை எடுத்த பாம்பை நாற்பத்தெட்டு மணி நேரம் தொடக் கூடாது. வயிற்றுப் புடைப்பு பெரிதாகத் தெரிந்தால் அது அடங்கும்வரை தொடக் கூடாது. மூன்று நான்கு நாள் கழித்துப் பாதி செரித்து, கடும் நாற்றத்தோடு வந்தால், பெட்டியின் சூடு குறைந்ததா என்று பாருங்கள். அந்த வாரத்தில் மின்சாரம் தடைப்பட்ட இரவு உண்டா, தொடர் மழை பெய்ததா, ஹீட் மேட்டின் இணைப்புக் கழன்றிருக்கிறதா என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள். எலியே கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

பெட்டியைச் சுத்தம் செய்து, நல்ல தண்ணீர் வைத்து, பாம்பைத் தனியே விடுங்கள். பத்து முதல் பதினான்கு நாளுக்கு எந்த இரையும் கிடையாது. அதன் பிறகு வழக்கமான அளவில் பாதி, இயன்றால் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள சிறிய எலி ஒன்று. அது தங்கி, மலமாக வெளியேறிய பின்னரே அடுத்தது, அதுவும் சிறியதே. நான்கைந்து வேளைக்கு மேல்தான் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். குட்டிச் சோளப்பாம்புகள் இந்த ஒழுங்கில் சிறு தவறையும் தாங்குவதில்லை.

இரண்டாம் முறையும் கக்கினால் வீட்டு வைத்தியம் முடிந்தது. குடற்புழுவாக இருக்கலாம், நடு உடலில் கெட்டியான வீக்கத்தோடு மெலிந்து வந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது பாம்பிலிருந்து பாம்புக்குப் பரவும் என்பதால், வேறு பாம்பு இருந்தால் இடுக்கியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் உடனே தனித்தனியாக்குங்கள். கக்கியதையும் புதிய மலத்தையும் மூடிய டப்பாவில், குளிர்ந்த நிலையில் எடுத்துச் செல்லுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பைப் பார்ப்பதில்லை. ஈப்போவில் உள்ள கிளினிக்குகளுக்கு முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள். அங்கே அமையாவிட்டால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

அறிகுறி: நன்றாகத் தின்கிறது, ஆனால் உடல் உருமாறுகிறது

வால் தொடங்கும் இடத்துக்கு முன் இருபுறமும் கொழுப்புத் திரண்டு, வளையும்போது தோலில் மடிப்பு விழுந்து, செதில்களுக்கு நடுவே வெண்தோல் தெரிந்தால் பாம்பு பருத்துவிட்டது. அன்புள்ள வீடுகளில் இது மிக அதிகம். பட்டினி போடாதீர்கள்; எலியை ஒரு அளவு குறைத்து, இடைவெளியை ஒரு வாரம் கூட்டுங்கள். வளர்ந்த சோளப்பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சுண்டெலி என்பது குறைவே அன்று.

மாறாக, கோழிக் கழுத்தும் ஈரலும் சந்தையில் மலிவாகக் கிடைப்பதால் அவற்றையே கொடுத்து வளர்க்கப்படும் பாம்பு மெல்ல மெல்ல நலிகிறது. முழு எலியில் எலும்பின் சுண்ணாம்பும் ஈரலின் வைட்டமினும் குடலும் மயிரும் சேர்ந்தே இருக்கின்றன. துண்டு இறைச்சியில் இவை சரியான விகிதத்தில் இல்லை. முழு எலி தின்னும் பாம்புக்குச் சத்து மாவு எதுவும் தூவ வேண்டியதும் இல்லை. ஒரு நாள் கோழிக்குஞ்சு எப்போதாவது கொடுக்கலாம். மலம் இளகி நாறும், அவ்வளவுதான்.

அறிகுறி: எலியை விட்டுவிட்டுக் கையைக் கடிக்கிறது

கையில் எலி வாசம் இருக்கிறது. கையே சூடான இரையாகத் தெரிகிறது. எலியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவாமல் பெட்டிக்குள் கையை விடாதீர்கள். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரையே வந்தால், திறப்பதையே இரையாகப் பாம்பு எண்ணும். ஆகவே இரை இல்லாத நாள்களில், ஒரு கொக்கியால் அதன் உடலை மெல்லத் தொட்டு உணர்த்திவிட்டுத் தூக்குங்கள்.

கவ்விக்கொண்டு விடாவிட்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் முறியும். குழாயடியில் குளிர்ந்த தண்ணீரை அதன் முகத்தில் விடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். காயத்தைச் சோப்பால் நன்கு கழுவி, வீங்கினால் கிளினிக்குக்குப் போங்கள்.

உறைந்த எலியும் தூய்மையான பொருள் அன்று. உறைநிலை, வயிற்றுப்போக்கு நோயைத் தரும் சால்மொனெல்லா கிருமியைக் கொல்வதில்லை. இரைக்கென விற்கப்பட்ட உறைந்த எலிகளால் 2010இலும் 2014இலும் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அந்நோய் பரவியது; பாதிக்கப்பட்டவர்களில் சிறு பிள்ளைகள் பலர். எலிக்கெனத் தனி டப்பா, தனிக் கிண்ணம், தனித் துணி வையுங்கள். மீன் கழுவும் தொட்டியில் எலிப் பையை உருக வைக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையும் கருவுற்ற பெண்ணும் வீட்டில் இருந்தால், இரை கொடுக்கும் வேலையிலிருந்தும் பெட்டியைக் கழுவும் வேலையிலிருந்தும் அவர்களை முழுதாக விலக்கிவிடுங்கள்.